தூக்கணாங்குருவி பார்க்கும் வீடு

நம் வீடுகளில் பெண் பார்க்கும் வைபவம் எவ்வாறு நடைபெறுகிறது என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளை வீட்டார் கூட்டமாகப் போய் இறங்குவார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிடுவார்கள். பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்று விடைபெற்றுக் கொள்வார்கள். இந்த ஏற்பாட்டை முற்றிலும் தலைகீழாக வைத்துக் கொண்டிருக்கும் ஒரு வர்க்கம் நமது தாமிரபரணிக் கரையிலேயே வசிக்கிறது. அங்கே பெண்தான் பார்க்க வருவாள். அவள் பார்ப்பது மாப்பிள்ளையின் முகத்தை அல்ல. அவன் பாதி கட்டி நிறுத்தி வைத்திருக்கும் வீட்டை. வீடு பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். சீர் இல்லை, வரதட்சிணை இல்லை, தரகர் இல்லை.

அந்த வர்க்கத்தின் பெயர் தூக்கணாங்குருவி. சங்க நூல்களில் 'தூங்கணங்குரீஇ' என்று வரும் அதே பறவை. மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப் போய், தன் கூட்டையே பறிகொடுத்த கதையில் வருவதும் இதுவே. குரங்கின் குணத்தை விளக்க அந்தக் கதையைச் சொல்லுகிற நாம், குருவியின் வேலையை நின்று பார்ப்பதில்லை. இந்த வாரம் அதைச் சற்றுப் பார்க்கலாம்.

சாதாரண நாட்களில் இந்தக் குருவி பார்வைக்கு ஊர்க்குருவியைப் போலத்தான் இருக்கும். இனவிருத்திக் காலம் வந்ததும் ஆண் பறவைக்கு உச்சந்தலை மஞ்சளாகிவிடுகிறது. முகத்திலே கரும்பழுப்பு நிறம் படர்கிறது. உடனே அது தொழிலில் இறங்குகிறது. நெற்பயிரின் தாளிலோ, கோரைப் புல்லிலோ, பனை ஓலையிலோ உட்கார்ந்து, ஓரத்தில் அலகினால் ஒரு வெட்டுப் போடும். வெட்டின நுனியைக் கவ்விக்கொண்டு விர்ரென்று பறக்கும். பறக்கிற வேகத்தில் நீளமான நார் ஒன்று கிழிந்து வந்துவிடும். ஒவ்வொரு நாரும் 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒரு கூட்டை முடிக்க இவ்விதம் 500 தடவை வரை போய் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேலை முழுவதும் முடியச் சுமார் 18 நாள் ஆகும்.

முதலில் கிளையிலோ ஓலை நுனியிலோ நாரைச் சுற்றி முடிச்சுப் போடும். பிறகு ஒரு வளையம். வளையத்திலிருந்து தலைக்கவசம் கவிழ்த்தாற்போல் ஒரு பாதிக் கூடு. இதற்கு எட்டு நாள் ஆகும். இந்தக் கட்டத்தில் ஆண் வேலையை நிறுத்திவிட்டு, கூட்டிலே தொங்கிக்கொண்டு சிறகை அடித்துக் கூச்சல் போடுகிறது. பெண் பறவை வந்து உள்ளே நுழைந்து, அலகினால் இழுத்தும் குத்தியும் பரிசோதிக்கிறது. சம்மதமானால் ஆண் மேற்கொண்டு முட்டையறையை மூடி, கீழ்நோக்கிய நீண்ட வாயிற்குழாயையும் நெய்து முடிக்கிறது. தலைகீழாகத் தொங்கவிட்ட சுரைக்குடுக்கை போன்ற அந்தக் கூட்டுக்குள் பாம்போ காக்கையோ எளிதில் புக முடியாது.

கூட்டின் உட்புறத்தில் ஈரமண் உருண்டைகளைக் குருவி அப்பி வைக்கும். அந்த மண்ணில் மின்மினிப் பூச்சியைப் பதித்து இராத்திரியில் விளக்கு வைத்துக் கொள்ளும் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். மண் இருப்பது மெய். விளக்கு பாட்டியின் சொந்தச் சரக்கு. காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருப்பதற்குப் பாரமாக அந்த மண் உதவக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம்.

மேலே சொன்ன இல்லற ரகசியத்தை உலகத்துக்கு விளக்கினவர் ஓர் இந்தியர் என்பதை நம் குழந்தைகள் அறிந்திருக்க வேண்டும். 1930-ஆம் வருஷம், தண்டி யாத்திரையினால் தேசமே கொந்தளித்துக் கொண்டிருந்த காலம். பம்பாய்த் துறைமுகத்துக்கு அக்கரையிலுள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில், ஜெர்மனியில் பயிற்சி பெற்றுத் திரும்பியும் உத்தியோகம் கிடைக்காத ஒரு மனிதர் தங்கியிருந்தார். வீட்டுக்கு அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. மழைக்காலம் முழுவதும் அவர் மறைவிலே உட்கார்ந்து அவற்றைக் கவனித்தார். வீட்டைத் தேர்ந்தெடுப்பது பெண் என்பதையும், ஒருத்தி முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் வேறொரு கூட்டைக் கட்டி இன்னொருத்தியை அழைக்கிறது என்பதையும் கண்டறிந்தார். 1931-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. அந்த வேலையில்லாத மனிதர்தான் டாக்டர் சாலிம் அலி. கையில் சம்பளம் இல்லாவிட்டாலும், கண் எதிரே இருந்த சாதாரணப் பறவையை அவர் சாதாரணமென்று தள்ளவில்லை.

நெய்தற்கலை பிறவியிலேயே வந்துவிடுகிறதா என்று சிலர் கேட்கலாம். ஆப்பிரிக்காவின் கிராமத் தூக்கணாங்குருவியை வைத்து அமெரிக்க விஞ்ஞானிகளான நிக்கோலஸ் காலியஸ், எல்ஸி காலியஸ் தம்பதிகள் இதை ஆராய்ந்தார்கள். நாரும் புல்லும் கொடுக்காமல் வளர்த்த இளம் ஆண் பறவைகள் பின்னால் நெய்வதில் பின்தங்கிப் போயின. விருப்பம் பிறவியிலே வருகிறது; கைத்திறமை, அதாவது அலகுத் திறமை, பழக்கத்தினால் வருகிறது. பள்ளிக்கூட வாத்தியார் என்ற முறையில் இந்த முடிவு எனக்கு மிகுந்த திருப்தியை அளிப்பதாகும்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தக் குருவி குடித்தனம் நடத்த என்னென்ன வேண்டும்? நார் கிழிக்க நீண்ட தாளுள்ள நெல்லோ புல்லோ ஓலையோ வேண்டும். எதிரி ஏற முடியாத உயரமான பனையோ தென்னையோ, முள் நிறைந்த உடைமரமோ, கருவேலோ வேண்டும். அது தண்ணீரின் மேல் சாய்ந்திருந்தால் இன்னும் சிலாக்கியம். உள்ளே அப்புவதற்கு ஈரமண் வேண்டும். பெரியவர்களுக்குப் புல்விதையும் தானியமும், குஞ்சுகளுக்குப் பூச்சியும் புழுவும் வேண்டும். இத்தனையும் ஒரே இடத்தில் எங்கே கிடைக்கும்? திருநெல்வேலிச் சீமையிலே பிறந்தவன் யோசிக்காமலே பதில் சொல்லுவான்: குளத்தங்கரையில்.

பொதிகையிலிருந்து இறங்குகிற தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் வரையில் சுமார் 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. கங்கை, கோதாவரிக்கு முன்னே இது ஒரு வாய்க்கால் என்று யாராவது பரிகாசம் செய்தால் கோபிக்க வேண்டியதில்லை. அந்தச் சிறிய தூரத்தில் நம் முன்னோர்கள் செய்து வைத்திருக்கும் வேலையைக் காட்டினால் போதும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழு பழைய அணைக்கட்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் எழுந்தது எட்டாவது. அணைக்கட்டில் தலை காட்டும் தண்ணீர் கால்வாயில் திரும்பும்; கால்வாய் குளத்தை நிரப்பும்; குளத்தின் மடை வயலுக்குப் பாயும்; மிஞ்சினது மறுகால் வழியே அடுத்த குளத்துக்குப் போகும். தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிக் கார் சாகுபடி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம். 1986-இல் தூத்துக்குடியும், 2019-இல் தென்காசியும் தனி ஜில்லாக்களாகப் பிரிந்தன. ஆனால் தண்ணீருக்கு அந்த எல்லைக் கற்கள் தெரியாது, குருவிக்கும் தெரியாது.

மனிதன் தன் சோற்றுக்காக வெட்டின இந்தக் குளங்கள், அவன் அழைக்காமலே ஆயிரம் விருந்தாளிகளைக் கூட்டி வந்தன. நாரையும் கொக்கும் தாராவும் தண்ணீருக்கு வந்தன. கரைப் பனைமரத்தில் தூக்கணாங்குருவி தொங்கியது. குளத்துக்குள்ளே நிற்கும் சம்பங்கோரையில், அதன் பங்காளியான கோடு போட்ட மார்புள்ள இன்னொரு வகைத் தூக்கணாங்குருவி கூடு கட்டியது.

சில நாட்களுக்கு முன் வகுப்பில் கென்யா தேசத்துக் குருவி ஒன்றைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது. உலகத்தில் தூக்கணாங்குருவிக் குடும்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. அவற்றுள் 'கிளார்க் தூக்கணாங்குருவி' என்பது, கென்யாவின் கடலோரத்தில் கிலிஃபி என்ற ஒரு பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1913-இல் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். காட்டு மரங்களின் உச்சியில் பூச்சி தேடித் திரிவதைப் பார்த்தார்கள். ஆனால் அது எங்கே கூடு கட்டுகிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. காட்டிலே வாழும் பறவை காட்டிலேதானே கூடு கட்டும் என்று நினைப்பது இயல்பு. நூறு வருஷம் கழித்து, 2013-இல், டகாட்சா என்னும் வனப்பகுதியில், மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் ஒரு சதுப்பு நிலத்தின் கோரைகளில் அதன் கூடுகளைக் கண்டுபிடித்தார்கள். வருஷத்தில் பாதி நாள் வெறும் பள்ளமாகக் கிடக்கும் நிலம்! உழவுக்கோ வேறு காரியத்துக்கோ அதை எடுத்துக்கொண்டால் கேட்க நாதி இராது. ஆனால் அந்தப் பள்ளம் போய்விட்டால், காடு முழுவதும் பத்திரமாக இருந்தாலும் அந்தப் பறவைக்குத் தொட்டில் இல்லை. அழிவின் விளிம்பிலுள்ள பறவைகளின் ஜாபிதாவில் அதன் பெயர் இருக்கிறது.

இதைக் கேட்ட மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தக் குருவி அபூர்வம். நம்ம ஊர்க் குருவி சாதாரணந்தானே? இதைப் பத்தி எதுக்குக் கவலைப்படணும்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் நமது தேசத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் தூக்கணாங்குருவி வகைகள் நான்கு. அவற்றில் ஒன்று, தலையும் மார்பும் பொன்மஞ்சளாகப் பிரகாசிக்கும் 'ஃபின் தூக்கணாங்குருவி'. இமயமலை அடிவாரத்தில் நைனிதாலுக்குக் கீழேயுள்ள காலாதுங்கியிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து, 1869-இல் இதை முதலில் விவரித்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், பின்னால் 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு முன்நின்ற அதே ஹியூம்தான். பிறகு அந்தப் பறவை அந்தப் பிரதேசத்தில் கண்ணுக்கு அகப்படவில்லை. 1934-இல் சாலிம் அலி தேடிச் சென்று அதை மறுபடியும் கண்டார். தராய் என்னும் அந்த அடிவாரத்தின் ஈரப் புல்வெளிகள் வயல்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிக்கொண்டே வந்தன. 2021-இல் அதையும் அழிவின் விளிம்பிலுள்ள பறவை என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது. எந்தப் பறவையும் பிறக்கும்போதே 'அபூர்வம்' என்ற பட்டத்தோடு பிறப்பதில்லை. அதன் நிலம் சுருங்கச் சுருங்க, அந்தப் பட்டத்தை நாம் சூட்டுகிறோம்.

நம் ஊர்க் குருவிக்கு இன்று அந்த ஆபத்து இல்லை. உலகக் கணக்கில் அது கவலைக்கு இடமில்லாத பறவை. ஆனால் ஊர்க் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. நெல்லை நகரத்துப் பிள்ளைகளிடம் வேய்ந்தான்குளம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பஸ் நிலையத்துக்கு வழி சொல்லுவார்கள். குளத்தின் பெயர் நிலைத்திருக்கிறது. குளம் என்ற எண்ணம் மறைந்துவிட்டது. வேறு பல குளங்களுக்குள் சீமைக் கருவேல் காடாக மண்டியிருக்கிறது. வாய்க்காலில் சாக்கடையும் குப்பையும் சேருகின்றன. கரைப் பனைகள் செங்கற் சூளைகளுக்கு விறகாகப் போயின. பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி அவசியம் என்று 2021-இல் தமிழக அரசின் வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நமது மாநில மரத்துக்கு அந்த ஆதரவு வந்தது நல்லதே. ஆனால் பனை நெடிது வளர்வதற்கு ஒரு தலைமுறை வேண்டும். வெட்டுவதற்கு ஒரு முற்பகல் போதும்.

இங்கே விவசாயியின் கட்சியையும் கேட்கத்தான் வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் முகத்துக்கு நேரே கேட்டார்: "வாத்தியாரையா, கதிர்ல பால் பிடிக்கிற சமயத்துல கூட்டங் கூட்டமா வந்து இறங்குது. அதுக்குப் போய் வக்காலத்து வாங்குதீங்களே, களத்துல குறையுற நெல்லை நீங்களா தருவீங்க?"

அவர் சொன்னது நியாயமே. தூக்கணாங்குருவி நெல் தின்னும். அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஆனால் கணக்குக்கு இரண்டு பக்கங்கள் உண்டல்லவா? குஞ்சு பொரித்திருக்கும் நாட்களில் அதே குருவி வயலிலுள்ள பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு போய் ஊட்டுகிறது. வரப்போரத்திலும் குளத்துப் புறம்போக்கிலும் புல் விதை முற்ற இடமிருந்தால் அதற்கு வேறு தீனியும் இருக்கும். அந்தப் புல்லையெல்லாம் மருந்தடித்துக் கருக்கிவிட்டு, மிஞ்சியிருக்கும் ஒரே பச்சையான நெல்வயலுக்கு அது வந்து சேரும்போது அதன்மேல் வழக்குத் தொடுக்கிறோம். தினைப்புனம் காத்த வள்ளி பறவைகளை ஓட்டினாள். அவற்றின் குலத்தை ஒழிக்கவில்லை. தகரம் தட்டலாம், கூவி விரட்டலாம். கூடு கட்டியிருக்கும் பனையைச் சாய்ப்பது வேறு காரியம். பெரியவர் நான் சொன்னதை முழுவதும் ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். "புல்லு விஷயம் வாஸ்தவந்தான்" என்ற அளவுக்கு இறங்கி வந்தார்.

குளம் பறவைக்காக மட்டும் அல்ல என்பதை 2023-ஆம் வருஷத்து டிசம்பர் மாதம் நமக்கு நினைவூட்டிற்று. அம்மாதம் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. குளங்கள் பல உடைந்தன; ஊர்கள் மூழ்கின. அத்தகைய மழையைத் தடுக்க யாராலும் இயலாது. ஆனால் தண்ணீர் தங்குவதற்கென்று விடப்பட்ட பள்ளத்தை நாம் தூர்த்துவிட்டால், அது நம் முன்கூடத்தில் வந்து தங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

இதற்கு நல்ல வழி காட்டும் ஊரும் நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. நாங்குநேரி தாலுகாவிலுள்ள கூந்தன்குளத்தில், மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, தெருவிலுள்ள வேப்ப மரங்களிலும் கூடு கட்டுகின்றன. பறவை வந்தால் ஊருக்கு நல்ல காலம் என்பது அவ்வூர் ஜனங்களின் நம்பிக்கை. அவற்றின் எச்சம் சேர்ந்த வண்டலை வயலுக்கு உரமாக இடுகிறார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பட்டாசு வேண்டாமென்று ஒரு பிள்ளையைச் சம்மதிக்கச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அறிந்தவர்களுக்கு, ஓர் ஊர் முழுவதையும் சம்மதிக்க வைத்த அந்த வழக்கத்தின் பெருமை புரியும். 1994-இல் அரசாங்கம் அதைச் சரணாலயமாக அறிவித்தது. பிறகு ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. பட்டயம் பின்னால் வந்தது. காவல் முன்னாலேயே இருந்தது.

இன்னொரு நற்செய்தியும் உண்டு. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் முன்நின்று, 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். மாணவர்களும் உத்தியோகஸ்தர்களும் தொண்டர்களாகச் சென்று கரை கரையாக எண்ணுகிறார்கள். தூக்கணாங்குருவி நீர்ப்பறவை அல்லவாதலால் அந்த வரிசையில் சேராது. அதை எண்ணும் பொறுப்பை நம் பள்ளிக்கூடங்களும் வீடுகளும் ஏற்றுக்கொள்ளலாம். இதற்குத் தூரதிருஷ்டிக் கண்ணாடி வேண்டியதில்லை. கூடு நகராது, ஒளியாது. நம் ஊர்க் குளத்தங்கரையில் எத்தனை மரங்களில் எத்தனை கூடுகள், அவற்றில் எத்தனை முழுமையானவை, எத்தனை பாதியில் நிற்பவை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிவைத்தால் போதும். ஐந்து வருஷத்து நோட்டுப் புத்தகம், குளத்தின் க்ஷேமத்தைப் பற்றி எந்த அறிக்கையைக் காட்டிலும் தெளிவாகப் பேசும்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழகாக இருக்கிறதென்று கூட்டைப் பறித்து வந்து கூடத்தில் தொங்கவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பெண் பறவை 14 முதல் 17 நாள் அடைகாக்கிறது. குஞ்சுகள் வெளியே வர மேலும் சுமார் 17 நாள் ஆகும். ஆதலால் பருவம் முடிந்து, காற்றில் தானே கழன்று விழுந்த கூட்டை எடுத்து வந்து குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முடிச்சையாவது அவிழ்த்து மறுபடியும் போட முடிகிறதா என்று கேளுங்கள். பத்து விரல் படைத்தவர்கள் அந்த ஒற்றை அலகுக்கு எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கிறோம் என்பது அப்போது தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களே உங்களைக் குளத்தங்கரைக்கு அழைப்பார்கள்; மறுக்காமல் போய் வாருங்கள்.